மாதிரி வீட்டில் ஒரு ராகுகாலம்

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்பதைச் சென்னியப்பன் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். தெரிந்து என்ன பிரயோசனம்? பத்தரைக்கு முன்னால் வந்து கையெழுத்தைப் போட்டுவிட வேண்டுமென்றுதான் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, மயிலாத்தாளையும் அவசரப்படுத்தி, ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறி உட்கார்ந்த பிறகு கேஸை மூடினோமா என்று ஒரு சந்தேகம். மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்தார், மூடித்தான் இருந்தது. இறங்கி வந்தால் பூட்டு சரியாக விழுந்ததா என்று இன்னொரு சந்தேகம். மறுபடி ஏறினார். மூன்றாம் தடவை எதற்கு ஏறினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. மயிலாத்தாள் ஆட்டோவுக்குள் மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள், முப்பத்து நாலு வருஷமாக இந்த மனுஷன் படியிறங்கி வருவதற்குக் காத்திருந்து பழகினவள் அல்லவா. சத்தி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து இந்த ஆபீசுக்கு வந்து சேரும்போது மணி பத்து நாற்பது. ஜெனிட்டா என்கிற அந்தப் பெண், நாகர்கோவில்காரி, வீடு விற்கிற வேலை, தினமும் இப்படி நாலு பேரைப் பார்க்கிறவள், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே சொன்னாள், பன்னிரண்டு வரைக்கும் இருங்க சார், அதுக்கப்புறம் போடலாம், அவசரமில்லை என்று. அவசரமில்லையாம். ஒப்பந்தத்தை மேஜைமேல் விரித்து வைத்து, கையெழுத்து விழ வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு, பேனாவையும் பக்கத்தில் வைத்தாள். மயிலாத்தாள், எதிர்க்க இருக்கற மாதிரி வீட்டை நான் இன்னொருக்கா பாத்துட்டு வர்றனுங்க, நீங்க ஏசியில உக்காருங்க என்று எழுந்தாள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே முதலில் கட்டி முடித்திருந்த வீடு அது, ஜெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே கூட்டிப் போனாள். சென்னியப்பன் தனியாக உட்கார்ந்தார்.

விஷயம் என்னவோ சின்னது, சொல்லப்போனால் ஒரே வரி. கோவில்பாளையம் தாண்டி உள்ளே போனால் அவருடைய அஞ்சரை சென்ட் சைட்டு பத்தொன்பது வருஷமாகக் கிடக்கிறது. அதில் தன் இஷ்டப்படி ஒரு வீடு கட்டுவதா, இல்லை அதை விற்றுவிட்டு இந்த வளாகத்தில், பேர் என்னவோ கார்டன், மருந்துக்குக்கூட ஒரு செடியில்லை, இங்கே அச்சில் வார்த்து அடுக்கின மாதிரி நிற்கிற அறுபத்திரண்டு வில்லாக்களில் ஒன்றை வாங்கிக்கொள்வதா. அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு மனுஷனுக்கு நாலு மாசமாகத் தூக்கம் போகுமா என்றால் போகும், சென்னியப்பனாக இருந்தால் போகும். பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். வார்ப்படம் ஒவ்வொன்றாக வரும், கையிலெடுப்பார், அளவு பார்க்கிற கேஜை வைப்பார், உள்ளே போனால் சரி, போகாவிட்டால் சிவப்புப் பெயின்டில் ஒரு தீற்று. நாளுக்கு நானூறு, ஐநூறு. ஒரு தடவை முதலாளியே வந்து நின்று, ஏனுங்க சென்னியப்பன், ஒரு மயிரிழைதானே, விட்டுருங்களேன் என்றபோதும் தீற்றுப் போட்ட ஆள். அங்கே அத்தனை வேகமாக முடிவெடுத்தவனுக்கு இங்கே என்ன கேடு என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்வதுண்டு. அங்கே கேஜ் இருந்தது, முடிவெடுத்தது அதுதான், நீ இல்லை என்று உள்ளேயிருந்து ஒரு பதில் வரும். அந்தப் பதில் அவருக்குப் பிடிப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பத்து அம்பது.

மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த வளாகத்தையே பொம்மை மாதிரி செய்து வைத்திருந்தார்கள். எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். தீப்பெட்டி அளவு வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைச் சுவர், ஒரே காப்பிக்கலர் கதவு, கார் நிறுத்துகிற இடத்தில் ஒரே மாதிரி சிவப்புக் கார். பதினேழாம் நம்பர் எது என்று தேடினார், பதினேழைத்தான் இவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாலாவது தெருவில் மூணாவதா, மூணாவது தெருவில் நாலாவதா? போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூத்து நடந்தது. எல்லாரும் இன்னும் வேலை முடியாத பதினேழைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்து ஹாலில் நின்று, மயிலா, மயிலா என்று கூப்பிட்டால் சத்தமே இல்லை. சமையலறை, படுக்கையறை, மேலே ஏறி மொட்டைமாடி வரைக்கும் தேடினார். ஆளைக் காணோம். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நம்பியே விட்டார், அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், தன்னிடம் சொல்ல நேரமில்லை என்று. கடைசியில் வாட்ச்மேன் வந்து, ஏனுங்க, இது இருபத்து மூணுங்க, உங்க வீட்டம்மா அந்தத் தெருவில நின்னுட்டிருக்காங்க என்று கூட்டிப் போனான். எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே நினைத்தது இதுதான்: ரெண்டு கண்ணும் நன்றாக இருக்கிற எனக்கே இப்படியென்றால் அவள் என்ன செய்வாள்? காய்கறிக்காரனிடம் போய்விட்டுத் திரும்புகிறவள் அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்து, அடுத்தவன் சமையலறைக்குள் போய், அடுத்தவன் அடுப்புக்கு முன்னால் நிற்பாள். யாரோ ஒருத்தி வந்து யாருங்க நீங்க என்று கேட்பாள். கண்ணாடிப் பெட்டியை விட்டு நாற்காலிக்குத் திரும்பினார், அதற்குமேல் அதைப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் மயிலாத்தாளுக்குக் கண்ணில் அழுத்தம். கண் பிரஷர் என்கிறார்களே, அது. வலியில்லை, சிவப்பில்லை, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நரம்பைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. முதலில் பக்கத்துப் பார்வை போனது. சாப்பாடு போடும்போது தட்டுக்கு வெளியே ரசம் ஊற்றினாள், இவர்தான், என்ன நினைப்புல இருக்கறே என்று அதட்டினார். அந்த அதட்டல் இப்போது நினைத்தால் நெஞ்சில் குத்துகிறது. அப்புறம் ஒருநாள் மாடிப்படித் திருப்பத்தில் தடுமாறி நாலு படி உருண்டாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, லேசர், மறுபடி சொட்டு மருந்து. குழாய்க்குள்ளிருந்து பாக்கற மாதிரி இருக்குதுங்க, நேரா இருக்கறது நல்லாத்தான் தெரியுது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். ஐப்பசியில் பார்த்தபோது டாக்டரம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டு, போனது திரும்பாது, மிச்சம் இருப்பது ஒரு வருஷமோ, ஒன்றரை வருஷமோ என்றார். இவர் தலையை ஆட்டினார், எதையோ கேட்க வேண்டுமென்று வாயைத் திறந்தார், வந்த கேள்வி என்னவென்றால், மேடம், நாங்க வாடகை வீட்டில மாடியில இருக்கறோமுங்க. அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதில்தான் நாலு மாசமாக அவர் மண்டைக்குள் கிடந்து குடைகிறது.

"வீடு மாத்தறதா இருந்தா சீக்கிரம் மாத்திருங்க. கண்ணு தெரியறப்பவே பழகிட்டாங்கன்னா அப்புறம் அந்த வீட்டுக்குள்ள அவங்க யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை."

சீக்கிரம். அந்த வார்த்தை சென்னியப்பனுக்கு ஒத்துவராத வார்த்தை. சைட்டு வாங்கின வருஷமே கட்டியிருந்தால் இந்த நேரம் அவள் அந்த வீட்டில் பத்தொன்பது வருஷம் நடந்திருப்பாள், கண்ணை மூடிக்கொண்டு உப்பு ஜாடியை எடுத்திருப்பாள். அன்றைக்கு எது தடுத்தது? ஒன்றும் தடுக்கவில்லை, அதுதான் கொடுமை. முதலில் போர் போட வேண்டுமென்று நீரோட்டம் பார்க்கிற ஆளைக் கூட்டி வந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு சைட்டு முழுக்க நடந்தார், தென்கிழக்கு மூலையில் தேங்காய் தானாக எழுந்து நின்றது. இருநூற்றெண்பது அடியில் தண்ணீர் பீச்சி அடித்தது, மயிலாத்தாள் சேலையோடு நனைந்துகொண்டு சிரித்தாள், இளநீர் மாதிரி இருக்குதுங்க என்று கையில் ஏந்திக் குடித்துக் காட்டினாள். அத்தோடு விட்டிருக்கலாம். மச்சான் ஒருத்தர் வாஸ்து தெரிந்தவரைக் கூட்டி வந்தார். வந்தவர் காரிலிருந்து இறங்கவே யோசித்தார், அக்னி மூலையில் தண்ணியா, வீட்டுப் பொம்பளைக்கு ஆகாதுங்க என்றார். வீட்டுப் பொம்பளைக்கு ஆகாது என்று ஒருத்தன் சொன்ன பிறகு எந்தப் புருஷன் துணிவான்? ஜல்லியும் சிமெண்டும் போட்டு அந்தப் போரை அடைத்தார். ஈசானிய மூலையில் எழுநூறு அடி இறக்கினார், புகை மாதிரித் தூசிதான் வந்தது. நல்ல தண்ணீரை மூடிவிட்டு, மூலை சரியாக இருக்கிற வறண்ட குழியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆள் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் இல்லாமல் கட்டடம் எப்படி, குழாய் இணைப்பு வரட்டும் என்று ஆறு வருஷம். வந்த பிறகு பிளான். படுக்கையறை பன்னிரண்டு அடி என்று இன்ஜினியர் போட்டார், மனையடி சாஸ்திரத்தில் பன்னிரண்டு ஆகாது, பதினொன்றாக்கினால் கட்டில் போட முடியாது, பதினாறாக்கினால் சமையல்கட்டு சுருங்கும். பதினோரு பிளான் பீரோவில் சுருட்டிக் கிடக்கிறது. தப்பாக ஒன்றைச் செய்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்துதான் எல்லாம். பயந்தவன் வீட்டுப் பொம்பளைக்குத்தான் கடைசியில் ஆகாமல் போனது. அந்தப் போரை அடைத்ததாலா, அதைத் தோண்டினதாலா, யாரைக் கேட்பது? பதினொன்று பத்து. மெதுவாகப் போகிறதே என்றும் இருந்தது, இவ்வளவு வேகமாகப் போகிறதே என்றும் இருந்தது.

ஒருதடவை சுண்ணாம்புத் தூள் போட்டுத் தரையில் கோடு இழுத்தார்கள். எந்தப் பிளானுக்கு, ஆறாவதா, ஏழாவதா. மேஸ்திரி நூல் பிடிக்க, வெள்ளைக் கோட்டில் அறை அறையாக வீடு படுத்துக் கிடந்தது. மயிலாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டை மிதிக்காமல், வாசல் விட்டிருந்த இடத்தின் வழியாகவே உள்ளே போனாள். இதுதான் சமையல்கட்டுங்களா, இத்தினியூண்டு இருக்குது, ரெண்டு பேர் நின்னா இடிச்சுக்குவோமே என்றாள். மேஸ்திரி, தரையில பாத்தா அப்படித்தானுங்க தெரியும், சொவரு எழும்பினா பெருசாயிரும் என்றார். அவள் அங்கேயே நின்று அடுப்பு இங்கே, மிக்ஸி இங்கே, ஜன்னலைத் திறந்தால் அந்த வேப்பமரம் என்று கையால் காற்றில் காட்டினாள். இரண்டு நாளில் மழை வந்து கோடெல்லாம் கரைந்தது. மழை நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று கேட்கப் போனவர் இவர். கேட்கப் போன இடத்தில் ஒருத்தர் நல்லது என்றார், இன்னொருத்தர் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள் என்றார். தள்ளிப் போடச் சொன்னவர் பேச்சைத்தான் கேட்டார், எப்போதும் அப்படித்தான். அவள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம். ஒரு பெண்பிள்ளை இத்தனை பொறுமையாக இருந்தால் ஆம்பளை உருப்படுவானா என்று அவள்மேலேயே கோபம் வந்தது, வந்த கோபத்தில் வெட்கமும் வந்தது. ஏசி முதுகில் அடித்தது. எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மகள் சுகந்தி பெங்களூரிலிருந்து ஒரே பிடியாகப் பிடிக்கிறாள், அப்பா, வில்லா வாங்கிருங்க, நாலு மாசத்தில சாவி தர்றாங்க, கேட்டில் வாட்ச்மேன் இருக்கான், பக்கத்தில ஆள் இருக்கு, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மா என்ன பண்ணும் என்று. கடைசி வாக்கியத்தை அவள் பாதியிலேயே விழுங்கிவிடுகிறாள், ஆனால் இவருக்குக் கேட்டுவிடுகிறது. உண்மைதானே. சைட்டைச் சுற்றி இன்னும் முள்ளுக்காடு, பக்கத்து வீடு கூப்பிடுதூரத்தில் இல்லை. இவருக்கு அறுபத்தொன்று, சர்க்கரை இருக்கிறது, இவருடைய அப்பா அறுபத்து நாலில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் திரும்பவில்லை. அறுபத்து நாலு கழித்தல் அறுபத்தொன்று என்று மனசு தானாகப் போட்டுப் பார்த்தது, சீ என்று அதைத் தள்ளினார். ஆனால் கட்டினால்? கட்டினால் அவளுக்கென்றே கட்டலாமே. இதை நினைக்க ஆரம்பித்தால் சென்னியப்பனுக்கு மளமளவென்று வந்துவிடும், பன்னிரண்டாவது பிளான் இது, காகிதத்தில் போடாதது. வாசலில் சொரசொரப்பான கல், ஹாலில் வழவழப்பு, சமையல்கட்டில் சின்னச் சின்னக் கட்டமாக ஓடு, காலை வைத்தாலே எந்த அறை என்று தெரிந்துவிட வேண்டும். எந்தக் கதவுக்கும் கீழ்ப்படிக்கட்டை கிடையாது, நிலைக்கு அடியில் கட்டையில்லாமல் வீடா என்று ஆசாரி முனகுவார், முனகட்டும். இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்க ஒரு மரக்கம்பி, படுக்கையிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து பூஜையறை, கையை எடுக்காமல் போய்விடலாம். அடுப்பு மேடை அவள் உயரத்துக்கு. அலமாரி மூலைகளெல்லாம் உருட்டி, எங்கும் கூர் இல்லாமல். இந்த வீட்டில் அவள் ராணி மாதிரி நடப்பாள். நடப்பாள், ஆனால் எப்போது? அஸ்திவாரம், பேஸ்மட்டம், சென்ட்ரிங், பூச்சு, மேஸ்திரி ஊருக்குப் போவான், மணல் வராது, நின்று நின்று இரண்டு வருஷம். அதற்குள் அவளுக்கு. அங்கே வந்ததும் நினைப்பு ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறது. அவளுக்கென்று கட்டின வீட்டை அவள் ஒரு நாள்கூடப் பார்க்க மாட்டாள். இங்கே வாங்கினால் பார்த்துவிடுவாள், ஆனால் பார்க்க என்ன இருக்கிறது, அறுபத்திரண்டில் ஒன்று. பார்க்க முடியாத அவள் வீடா, பார்க்க முடிகிற யார் வீடோவா? ரெண்டு கையிலும் ரெண்டையும் தூக்கிப் பார்த்தார், ரெண்டும் கனத்தது.

நேராக இருப்பது தெரிகிறது என்கிறாளே, அதுதான் ஒரே தைரியம். தை மாசத்து செக்கப்புக்குத் தங்கச்சியோடு போய்க்கொள்கிறேன் என்று போய்விட்டு வந்து, அப்படியேதான் இருக்குதாமுங்க என்றாள். அப்படியேதான் இருக்கட்டும், முருகா. இவரும் அவ்வப்போது சோதித்துப் பார்க்கிறார், நேரடியாகக் கேட்க மனசு வராது, அந்தக் காலண்டர்ல இன்னைக்கு என்ன நட்சத்திரம் போட்டிருக்குது பாரு என்பார். கண்ணாடி எடுத்துட்டு வரோணுமுங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க என்பாள். அதுவும் நியாயம்தானே, எழுத்துப் பொடிசு. சோறு போடுகிறாள், கோலம் போடுகிறாள், கோலம் கொஞ்சம் கோணுகிறது, கோணினால் என்ன. ஒரு வருஷம் என்று சொன்னவர்கள் ஒன்றரை என்றும் சொன்னார்களே, ஒன்றரை இரண்டாகாதா? எத்தனை பேருக்கு டாக்டர் சொன்ன கெடு தாண்டியிருக்கிறது. ஒரே ஆட்களை வைக்காமல் இரண்டு மேஸ்திரி செட்டை இறக்கினால், வாஸ்து, மனையடி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, பிளானை மாற்றவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு இறங்கினால், பத்து மாசத்தில் பால் காய்ச்சலாம். தண்ணீர்? தண்ணீர்தான் இருக்கிறதே, அக்னி மூலையில், இருநூற்றெண்பது அடியில், பக்கத்திலேயே இன்னொன்று இறக்கினால் வரப்போகிறது. ஆகாதது எல்லாம்தான் ஆகிவிட்டதே, இன்னும் அந்த மூலை என்ன செய்துவிடும்? இதை நினைத்ததும் அவருக்கே ஆச்சரியமாகிவிட்டது. யாரையும் கேட்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே. கேஜ் இல்லாமலேயே தெரிந்தது. கட்டுகிறோம். அவள் தடவித் தெரிந்துகொள்கிற மாதிரி, அவள் கைக்கு, அவள் காலுக்கு ஒரு வீடு, முதல் பத்து நாள் பார்த்தாலும் போதும். இந்தப் பெருக்கல் குறிகள் எல்லாம் இப்படியே கிடக்கட்டும். மணி பதினொன்று நாற்பத்தைந்து. ராகுகாலம் முடியட்டும், நல்ல வார்த்தையைச் சொல்ல இன்னும் கால்மணிதானே என்று ஒரு கணம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், போதும்டா சாமி, இதற்குமா என்று தன்னையே வைதுகொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து வெயிலில் இறங்கினார்.

மாதிரி வீட்டு வாசலில் ஜெனிட்டா செருப்பு அடுக்குகிற பலகையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். அம்மா எண்ணிட்டிருக்காங்க சார், பேச்சுக் கொடுத்தா விட்டுப் போயிரும்னு என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க என்றாள். எண்ணுவதென்றால் என்ன என்று இவருக்கு விளங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இவர் முகத்தைப் பார்த்துத்தான் தப்பாக எதையோ சொல்லிவிட்டோமென்று பட்டிருக்க வேண்டும், தயங்கித் தயங்கிச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் அவங்க தங்கச்சி கூட்டிட்டு வருவாங்க சார், ரெண்டு மாசமா. எல்லா வீடும் ஒரே அளவுதானே, கதவு, ஸ்விட்ச், குழாய் எல்லாம் அதே இடம்தானே, இதைப் பழகிட்டாப் பதினேழாம் நம்பர் முடியறதுக்குள்ள அதையும் பழகின மாதிரின்னு சொன்னாங்க. எங்க மேனேஜரும் சரின்னுட்டாரு. உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். சென்னியப்பன் தலையை ஆட்டினார். சொன்னாள் என்று ஆட்டினாரா, சொல்லவில்லை என்று ஆட்டினாரா, அவருக்கே தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

ஹால் முழுக்க வெளிச்சம். திரைச்சீலை இல்லாத பெரிய ஜன்னல், உச்சிவெயில் தரையில் அடித்து மேலே தெறித்தது. அவர் நடுவில் நின்றார். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது, மயிலாத்தாள் அதன் வழியாக வந்துகொண்டிருந்தாள், வெறுங்காலோடு, நேராக அவரைப் பார்த்தபடி. கை எதையும் தடவவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் நடந்து வருகிற அழகைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம் வந்தது, தடுமாறாமல் வருகிறாளே, எத்தனை நாளாகிறது இவள் இப்படி நடந்து பார்த்து. சிரித்தார். வா என்கிற மாதிரிக் கையைத் தூக்கினார். சொல்ல வந்தது நாக்கு நுனியில் நின்றது, மயிலா, நம்ம சைட்டிலேயே கட்டிக்கலாம். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏழு, எட்டு என்று இப்போது சத்தமும் கேட்டது. ஒன்பது என்னும்போது வந்து அவர் மார்பில் மோதினாள். பின்னால் சரிந்து, இரண்டு கையையும் நீட்டி அவர் சட்டையைப் பிடித்தாள், பையில் இருந்த பேனாவைத் தொட்டாள், தோளைத் தொட்டாள்.

"யாரு?"

அந்த வெளிச்சத்தில், முழங்கை தூரத்தில், அவர் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும், அந்த ஒரு நொடி எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சொன்னார். அவள் கை தளர்ந்தது, ஆனால் எடுக்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். தையிலிருந்து என்றாள். ஜன்னல் எந்தப் பக்கம்ங்கறது தெரியுது, வெயில் தெரியுது, அவ்வளவுதானுங்க என்றாள். அழுவாள் என்று பார்த்தார், அழவில்லை, அழுதது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு நாக்கு நுனியில் நின்றது அப்படியே நின்றது, பத்து மாசம், கல், மரக்கம்பி, முதல் பத்து நாள் பார்த்தாலும் போதும் என்று போட்ட கணக்கெல்லாம் நின்றது. ஏன் சொல்லலை என்று மட்டும் ஒரு வழியாகக் கேட்டார்.

"சொன்னா நீங்க இன்னும் ரெண்டு பேரைக் கேக்கப் போயிருப்பீங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "இந்த வீடு எனக்கு மனப்பாடம் ஆயிருச்சுங்க. இனி இன்னொரு வீட்டைப் பழக எனக்கு ஆகாது. நேரம் ஆச்சுன்னா போய்க் கையெழுத்தப் போட்டுட்டு வாங்க."

அவர் அசையவில்லை. அவள் இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினாள், வழியில் கிடக்கிற நாற்காலியை நகர்த்துகிற பக்குவத்தில்.

"இங்க நிக்காதீங்க. நீங்க நிக்கற இடத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. கணக்குத் தப்பிரும்."

திரும்பி, சுவரைத் தொட்டு, படுக்கையறைக்குப் போய், கட்டில் முனையில் முதுகை வைத்து நின்று, ஒன்று என்று மறுபடி ஆரம்பித்தாள். சென்னியப்பன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார், மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டுவிடக் கூடாதென்று. அவள் அவரைத் தாண்டிப் போனாள், ஒன்பது, பத்து, பதினொன்று. வாசலிலிருந்து ஜெனிட்டா, பன்னிரண்டு ஆயிட்டுது சார் என்றாள். அவர் கையைக் காட்டி அவளைப் பேச வேண்டாம் என்றார். அவள் கணக்கில் சமையலறைக்கு இன்னும் ஆறு அடி இருந்தது.